அந்த மூன்று பேர்

சார்லஸ் பிரான்சன் அந்த மூன்று பேரையும் சுட்டாரா இல்லையா என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மாமாவும் அவருடைய இரண்டு கூட்டாளிகளும் எங்கள் தாமானுக்குப் பக்கத்திலுள்ள ஒட்டுக்கடையில் பசியாற உட்கார்வார்கள். மாமா துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றவர். இன்னொருவர் தமிழ்ப்பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். மூன்றாமவர் மோட்டார் பட்டறை வைத்திருந்தவர். கடையை மூடிப் பல வருஷமாகியும் எல்லோருக்கும் அவர் பட்டறைக்காரர்தான். மூவருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். அரசியல் பேசினால் ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று சினிமா பேசுவார்கள். அதுவும் இளவயதில் டவுன் தியேட்டர்களில் பார்த்த ஆங்கிலச் சண்டைப் படங்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட், லீ மார்வின், ஸ்டீவ் மெக்வீன் என்று வரிசையாக வருவார்கள். கடைசியில் பேச்சு பிரான்சனில் வந்து நிற்கும்.

"மொகத்தப் பாத்தாலே தெரியும் லா" என்பார் பட்டறைக்காரர். "ஈஸ்ட்வுட் அடிக்கிறவன். இவன் அடி வாங்கிட்டு அடிக்கிறவன்."

இந்தப் பெயரை முதல்முறையாகக் கேட்கும் நண்பர்களுக்கு: பிரான்சன் 1921-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், எஹ்ரன்ஃபெல்ட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். லித்துவேனிய வம்சாவளி. இயற்பெயர் புச்சின்ஸ்கி. நிறையப் பிள்ளைகள் கொண்ட ஏழைக் குடும்பம். அப்பா சீக்கிரம் செத்துப்போக, பையன் சுரங்கத்தில் இறங்கினான். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கி வீரராக இருந்தார். பிறகு நடிக்க வந்து, வில்லனின் அடியாளாகவும் கூட்டத்தில் ஒருவராகவும் பல வருஷம் ஓட்டினார். தனி நாயகனாக உலகம் முழுக்கக் கொண்டாடப்பட்டபோது வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதிகம் பேசாத, சிரிக்காத, வெயிலில் வெடித்த மண் மாதிரியான முகம். 2003-இல் இறந்தார்.

அன்றைக்கு மாமா 'டெத் விஷ்' கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு பேரு வீட்டுக்குள்ள பூந்து பொண்டாட்டிய அடிச்சே கொன்னுட்டானுங்க. மகளையும் நாசம் பண்ணிட்டானுங்க. இவரு என்னா செஞ்சாரு? ஒரு துப்பாக்கிய எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தனா தேடிப் புடிச்சாரு. கடைசி ஆள சுட்டப்ப தியேட்டரே எழுந்து கைதட்டுச்சு தம்பி!"

வாத்தியார் தேத்தண்ணிக் குவளையைக் கீழே வைத்தார். "அந்த மூணு பேர அவரு புடிக்கவே இல்லன்னு நெனைக்கிறேனே."

"என்னா சார் பேசறீங்க? ரெண்டு தடவ பாத்திருக்கேன்."

"நானும் பாத்திருக்கேன்."

பந்தயம் வைத்தார்கள். தோற்றவர் அடுத்த வாரம் மூவருக்கும் பசியாறல் வாங்கித் தர வேண்டும். நான் நடுவர். அன்று சாயங்காலமே மாமா வீட்டு டிவியில் படத்தைப் போட்டேன்.

படம் முடிந்தது. மாமா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பெயர்கள் ஓடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல.

"இது வேற காப்பி லா" என்றார் கடைசியில். "வெட்டிட்டானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படம்.

*

'டெத் விஷ்' 1974-இல் வந்தது. இயக்கியவர் மைக்கேல் வின்னர். பால் கெர்சி நியூயார்க்கில் கட்டடக் கலைஞன். கொரியப் போரின்போது ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராது என்று மறுத்து, மருத்துவப் பிரிவில் வேலை செய்தவன். அவன் வீட்டில் இல்லாத ஒரு பகலில் மூன்று இளைஞர்கள் மளிகைச் சாமான் கொண்டு வந்தவர்கள்போல் நடித்து உள்ளே நுழைகிறார்கள். (அதில் ஒருவராக வருபவர் பின்னாளில் பெரிய நடிகரான ஜெஃப் கோல்ட்ப்ளம். அவருக்கு அதுதான் முதல் படம்.) மனைவி இறக்கிறாள். மகள் பேச்சற்றுப் போகிறாள். குற்றவாளிகள் பிடிபடுவார்கள் என்று போலீஸால் உறுதி சொல்ல முடியவில்லை.

வேலை விஷயமாக அரிசோனா போன இடத்தில் ஒரு வாடிக்கையாளர் அவனுக்குத் துப்பாக்கி ஒன்றைப் பரிசளிக்கிறார். நியூயார்க் திரும்பியதும் இரவில் அதை எடுத்துக்கொண்டு நடக்கிறான். வழிமறிக்கும் முதல் ஆளைச் சுட்டுவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து வாந்தி எடுக்கிறான். அடுத்தடுத்த கொலைகளுக்குப் பிறகு வாந்தி வருவதில்லை. பூங்காவில், சந்தில், சுரங்க ரயிலில் தன்னையே தூண்டிலில் புழுவாக மாட்டிக்கொண்டு உட்கார்கிறான். யாராவது கத்தியை எடுத்தால் சுடுகிறான். நகரத்தில் வழிப்பறி குறைகிறது. அதனால் அவனைப் பிடிக்கவும் மேலிடத்துக்கு மனசில்லை. ஊரை விட்டுப் போகச் சொல்கிறார்கள். சிகாகோ ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறான். அங்கே ஒரு பெண்ணிடம் வம்பு செய்யும் பையன்களைப் பார்த்து, விரல்களைத் துப்பாக்கிபோல் நீட்டி ஒரு சிரிப்பு சிரிக்கிறான். அத்தோடு படம் முடிகிறது.

அந்த மூன்று பேர்? முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு அவர்கள் படத்திலேயே இல்லை. கெர்சி அவர்களைத் தேடவும் இல்லை. தேடவும் முடியாது. அவன் அப்போது வீட்டில் இல்லை. பார்த்தவர்களில் ஒருத்தி செத்துவிட்டாள், இன்னொருத்தி பேசுவதில்லை. அவர்கள் எதிரே வந்து தீப்பெட்டி கேட்டாலும் அவனுக்கு அடையாளம் தெரியாது. படம் பார்க்கிற நமக்கு அந்த மூன்று முகங்களும் தெரியும். அவனுக்குத் தெரியாது.

மாமாவின் மறதியை வயசுக் கோளாறு என்று விட்டுவிடலாம். பட்டறைக்காரரும் ஒரு விளக்கம் சொன்னார்: "ரெண்டாம் படத்துல புடிச்சிட்டாரு லா. அண்ணன் ரெண்டையும் கொழப்பிக்கிட்டாரு." அது சரிதான். 1982-இல் வந்த இரண்டாம் பாகத்தில் கெர்சி லாஸ் ஏஞ்சல்ஸில் தன் மகளின் சாவுக்குக் காரணமானவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறான். ஆனால் எனக்கு இப்படித் தோன்றுகிறது. முதல் படத்தில் ஏதோ ஒன்று கணக்கில் இடிக்கிறது. ரசிகர்கள் மனதிலேயே அதைச் சரிசெய்துகொண்டார்கள். இரண்டாம் படம் அந்தத் திருத்தத்தைத் திரையில் கொண்டுவந்தது, அவ்வளவுதான். மாமா மறக்கவில்லை. படத்தில் இருந்திருக்க வேண்டியதை ஞாபகம் வைத்திருந்தார்.

*

இப்போது என் காரணம்.

பதினொரு வருஷத்துக்கு முன் நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு. அம்மா பாசார் மாலாமில் காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து வந்தார். மோட்டாரில் வந்த இரண்டு பேர் கைப்பையை இழுத்தார்கள். பை அம்மாவின் முழங்கையில் மாட்டியிருந்தது. நாலைந்து அடி இழுத்துக்கொண்டு போய்த்தான் வார் அறுந்தது. முழங்கை எலும்பு முறிந்தது. தோல் உரிந்து தார் ஒட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தேன். போனில் சொன்னார்கள்.

தாமான் முனையில் நுழையும்போதே கூட்டம். "புடிச்சாச்சு, புடிச்சாச்சு" என்றான் கூடப் படித்தவன் ஒருவன். பூட்டியிருந்த கடையின் இரும்புக் கதவில் ஒரு பையனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது. மோட்டார் கீழே கிடந்தது. யாரோ என்னை முன்னால் தள்ளி, "இவனோட அம்மாதான்" என்றார்கள். கூட்டம் வழிவிட்டது.

அந்த வழிவிடலை நான் மறக்கவே முடியாது. ஒரு சடங்கில் மூத்த மகனுக்கு இடம் விடுவதுபோல விட்டார்கள்.

பையன் என்னைப் பார்த்து, "புக்கான் சாயா, பாங்" என்றான். நான் இல்லை அண்ணே. இரண்டு தடவை சொன்னான். நான் உதைத்தேன். வயிற்றில் ஒன்று, கீழே சரிந்தபின் விலாவில் ஒன்று. இரண்டாவது உதையில் ஒரு சுகம் இருந்தது. இதை எழுதக் கூசுகிறது. ஆனால் எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. போனில் செய்தி கேட்டதிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த உதையோடு இறங்கியது. போலீஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

ஆஸ்பத்திரியில் அம்மாவிடம், "புடிச்சிட்டோம்மா" என்றேன்.

"யார?"

"ஒங்கள இழுத்தவன."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டு பேரும் ஹெல்மெட்டு போட்டிருந்தானுங்கப்பா. மூஞ்சிய யாரு பாத்தா? நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க?" என்றார்.

எப்படிக் கண்டுபிடித்தோம்? நான் விசாரித்தேன். ஒருவன் அதே நிற மோட்டார் என்றான். ஒருவன், அந்தப் பையன் எங்களைப் பார்த்ததும் வேகமாகப் போனான் என்றான். இன்னொருவன், மற்றவர்கள் துரத்தினார்கள், நானும் துரத்தினேன் என்றான். அம்மாவின் பை கிடைக்கவே இல்லை. அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்பதை நான் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதுதான் சரி.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதை இப்போதும் சொல்லப்படுகிறது. "பெரியவன் திருடனப் புடிச்சி நல்லா குடுத்தான்" என்று. கதையில் சந்தேகம் கிடையாது. ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் மாமா அதைச் சொல்லும்போது நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைப்பார்கள்.

*

பழிவாங்கும் படங்களை ரசிப்பது தவறா? இதை நிறைய யோசித்திருக்கிறேன். தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. பழிவாங்கும் உணர்ச்சியில் ஒரு மரியாதை இருக்கிறது. இறந்தவள் ஒன்றுமில்லாதவள் அல்ல, அவளுக்கு நேர்ந்ததற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும் என்கிற மரியாதை. போலீஸ் ஸ்டேஷனில் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு எண்ணைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்களுக்கு அது தெரியும். ஒரு எண்ணாக மட்டும் ஆகிவிட்ட வலியை பிரான்சனின் முகம் வாங்கிக்கொள்கிறது. மாமா அன்று தியேட்டரில் கைதட்டியதை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் திரையில் நமக்கு ஒரு வசதி செய்து தரப்படுகிறது. கெர்சி சுடும் ஒவ்வொருவனும் வழிப்பறிக்காரன்தான் என்று முதலிலேயே காட்டிவிடுகிறார்கள். நாம் பார்க்கிறோம். கேமரா பொய் சொல்வதில்லை என்று அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஒப்பந்தம். ஒரு அப்பாவியும் தவறிச் சாவதில்லை. பயத்தில் ஓடிய பையன் ஒருவன்கூட சந்தில் மாட்டிக்கொள்வதில்லை. நம் மனசாட்சி செய்ய வேண்டிய வேலையைக் கேமரா முன்கூட்டியே செய்துவிடுகிறது. அதனால்தான் நிம்மதியாகக் கைதட்ட முடிகிறது. இரும்புக் கதவுக்கு முன்னால் எனக்கு அந்தக் கேமரா இல்லை. இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அரிஸ்டாட்டில் தன்னுடைய பேச்சுக்கலை நூலில் கோபத்தையும் வெறுப்பையும் பிரிக்கிறார். கோபம் எப்போதும் ஒரு குறிப்பிட்ட ஆளின் மேல் வருவது. பழிவாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை அதற்குள் ஒரு இன்பத்தையும் வைத்திருக்கிறது. வெறுப்புக்கு ஆள் தேவையில்லை. ஒரு வகையையே வெறுக்கலாம். அதற்கு அவர் தரும் உதாரணமே திருடன்தான். கோபத்தைக் காலம் ஆற்றும், வெறுப்பை ஆற்றாது என்றும் சொல்கிறார். கோபக்காரனுக்கு எதிராளி மேல் இரக்கம் வரக்கூடும், வெறுப்பவனுக்கு வராது என்றும்.

இதைப் படித்தபிறகுதான் கெர்சி எனக்குப் புரிந்தான். அவனுடைய துக்கம் நியாயமானது. கோபமும் நியாயமானது. ஆனால் கோபம் போய்ச் சேர ஒரு முகம் வேண்டும். அவனிடம் முகம் இல்லை. முகம் கிடைக்காத கோபம் அடங்கிப்போவதில்லை. அது கண்ணில் படுகிற முகங்களைக் கடன் வாங்கிக்கொள்கிறது. பூங்காவில் நிற்பவன் முகம், ரயிலில் எதிரே உட்காருபவன் முகம். மூன்று பேர் மேல் இருந்த கோபம் ஒரு வகையின் மேல் வெறுப்பாக மாறிவிட்டது. சிகாகோவில் அந்தச் சிரிப்பு எதற்கு? அந்தப் பையன்களுக்கும் அவன் மனைவிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனைவியை அவன் எப்போதோ தாண்டிப் போய்விட்டான். இனி அவனுக்கு முடிவே கிடையாது. ஐந்தாம் பாகம் வரை, 1994 வரை, அவன் சுட்டுக்கொண்டே இருந்தான்.

படத்துக்கு மூலம் பிரையன் கார்ஃபீல்ட் 1972-இல் எழுதிய நாவல். அதில் நாயகன் ஒரு கணக்காளர். தனி ஆள் தண்டனை கொடுக்கக் கிளம்பினால் அவனுக்குள் என்ன ஆகிறது என்ற எச்சரிக்கையாகத்தான் கார்ஃபீல்ட் அதை எழுதினார். படம் அவனை வீரனாக்கிவிட்டதில் அவருக்கு வருத்தம். மறுப்பாகவே 1975-இல் இன்னொரு நாவல் எழுதினார். அதில் அந்த மனிதனைப் பார்த்து வேறொருவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

நிஜத்திலும் அதைப் போன்ற ஒன்று நடந்தது. 1984 டிசம்பர் 22 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் நான்கு கறுப்பின இளைஞர்கள் பெர்ன்ஹார்ட் கெட்ஸ் என்பவரை நெருங்கி 5 டாலர் கேட்டார்கள். அவர் துப்பாக்கியை எடுத்து நால்வரையும் சுட்டார். ஒருவர் வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போனார். உடனே 'டெத் விஷ்' ஞாபகம் எல்லோருக்கும் வந்தது. பலர் கெட்ஸைக் கொண்டாடினார்கள். அவர்கள் கொள்ளையடிக்க வந்தார்களா, வெறுமனே காசு கேட்டார்களா? அமெரிக்கா வருஷக்கணக்கில் வாதாடியது. 1987-இல் கொலைமுயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்த நடுவர் குழு, உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்த குற்றத்தை மட்டும் உறுதிசெய்தது. 1996-இல் இன்னொரு நடுவர் குழு, நடக்க முடியாமல் போனவருக்கு 43 மில்லியன் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. ஒரே சம்பவத்தை வைத்துக்கொண்டு இரண்டு நடுவர் குழுக்கள் போய்ச் சேர்ந்த இடங்கள் இவை. தியேட்டரில் இந்தக் கேள்வி அரை விநாடியில் முடிந்திருக்கும்.

*

மறுவாரம் இதையெல்லாம் ஒட்டுக்கடையில் சொன்னேன். என் கதையைச் சொல்லவில்லை, படத்தைப் பற்றி மட்டும். மாமாவுக்குப் பிடிக்கவில்லை. "அப்ப என்னா, கைகட்டிக்கிட்டு நிக்கணுமா? ஆம்பளன்னு எதுக்கு இருக்கறது?" என்றார்.

வாத்தியார்தான் பதில் சொன்னார். அவருக்குப் பிடித்த பிரான்சன் படம் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்', 1960. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' கதையை மெக்ஸிகோ கிராமத்துக்குக் கொண்டுபோன படம். கொள்ளையர்களிடமிருந்து விவசாயிகளைக் காப்பாற்ற வரும் ஏழு துப்பாக்கிக்காரர்களில் பிரான்சன் ஒருவர். கிராமத்துப் பையன்கள் அவரையே சுற்றிச்சுற்றி வருகிறார்கள். எங்கள் அப்பாக்கள் கோழைகள், நாங்கள் உங்களோடு வந்துவிடுகிறோம் என்கிறான் ஒருவன். பிரான்சன் அவனை மடியில் கவிழ்த்துப்போட்டு அடிக்கிறார்.

"அடிச்சிட்டு என்னா சொல்றாரு தெரியுமா?" வாத்தியார் வகுப்பில் கேட்பதுபோல் கேட்டார். "துப்பாக்கி வெச்சிருக்கறதுனால நான் தைரியசாலி இல்லடா. ஒங்கப்பா ஒங்களையும் ஒங்க அம்மாவையும் சொமக்கறாரு பாரு, அது ஒரு டன்னு பாறைய முதுகுல ஏத்திக்கிட்ட மாதிரி. தெனம் காட்டுல எறங்கி வேல செய்யறாரு, பலன் கெடைக்குமான்னே தெரியாம. அந்தத் தைரியம் எனக்கு ஒருநாளும் இருந்ததில்லங்கறாரு. யாரு சொல்றது? சண்டப் படத்துக்காரன் சொல்றான்!"

கடைசிச் சண்டையில் அந்தப் பையன்களைப் பாதுகாக்கப் போய்த்தான் அவர் சாகிறார்.

பட்டறைக்காரர் உடனே 'தி கிரேட் எஸ்கேப்'பை எடுத்தார். 1963. ஜெர்மானியர்களின் போர்க்கைதி முகாமில் தப்பிக்கச் சுரங்கம் தோண்டும் டேனி. தோண்டுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மூடிய இடம் என்றால் அவனுக்கு உயிர்ப்பயம். தப்பிக்கும் இரவில் தானே தோண்டிய சுரங்கத்துக்குள் இறங்க முடியாமல் நடுங்குகிறான். கூட்டாளி ஒருவன் பேசிப்பேசி அவனைக் கூட்டிக்கொண்டு போகிறான். "நெசமாவே சொரங்கத்துல வேல செஞ்ச ஆளு லா அவரு. அந்த நடுக்கம் நடிப்பா?" என்றார் பட்டறைக்காரர். தெரியாது. ஆனால் அந்தக் காட்சியில் நாம் பார்க்கும் முகத்துக்கும் கெர்சியின் முகத்துக்கும் தூரம் அதிகம்.

இவர்கள் மூவரும் வருஷக்கணக்காக ஒரே மனிதரைப் பற்றி வாதாடுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அவர்கள் பேசியது இரண்டு வகை உறுதியைப் பற்றி. அடி வாங்கித் தாங்குகிற உறுதி ஒன்று. திருப்பி அடிக்கிற உறுதி ஒன்று. பிரான்சனின் முகம் நமக்குப் பிடிப்பது முதலாவதால். அந்தச் சுருக்கங்கள் வறுமையிலும் சுரங்கத்திலும் விழுந்தவை என்று நம்புகிறோம். சினிமா அந்த முகத்தைக் காட்டி இரண்டாவதை விற்றது. தாங்கியவனுக்கு அடிக்கும் உரிமை தானாகவே வந்துவிடுகிறது என்று நம்பவைத்தது. என் அம்மா முறிந்த கையோடு படுத்திருந்தபோது முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. தாங்கியவர் அவர். உதைத்தவன் நான்.

முகம் நிச்சயமாகத் தெரிந்திருந்தால் பழிவாங்குவது சரியா என்று கேட்கலாம். அதற்கும் பிரான்சனிடம் ஒரு படம் இருக்கிறது: செர்ஜியோ லியோனியின் 'ஒன்ஸ் அபான் எ டைம் இன் த வெஸ்ட்', 1968. பெயரில்லாத அந்த ஹார்மோனிகாக்காரனுக்கு எதிரி யாரென்று துல்லியமாகத் தெரியும். சிறுவனாக இருந்தபோது தன் தோள்களின்மேல் அண்ணனை நிற்கவைத்து, கழுத்தில் சுருக்கிட்டவன் ஃபிராங்க். பல வருஷம் காத்திருந்து, நேருக்குநேர் நின்று, அவனைச் சுடுகிறான். யாரால் சாகிறோம் என்பதை ஃபிராங்குக்குப் புரியவைத்த பிறகே அவன் உயிர் போகிறது. நியாயம் முழுசாக நடந்துவிட்டது. ஆனால் அதன்பிறகு ஹார்மோனிகாக்காரனுக்குச் செய்ய ஒன்றுமில்லை. அங்கே ஒரு ஊர் எழும்பிக்கொண்டிருக்கிறது. விதவையான ஜில் ரயில்பாதைத் தொழிலாளர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாள். அவன் அந்த ஊரில் தங்க முடியாமல் கிளம்பிவிடுகிறான். சரியான ஆளைக் கொன்றவனின் நிலைமையே இது.

*

மாமா பந்தயப் பசியாறலுக்குக் காசு கொடுக்க எழுந்தபோது நான் சொல்லிவிட்டேன். ஹெல்மெட், "புக்கான் சாயா", அம்மா கேட்ட கேள்வி, எல்லாவற்றையும். பதினொரு வருஷமாக யாரிடமும் சொல்லாததை ரொட்டி சானாய் தட்டுகளுக்கு நடுவில் சொன்னேன்.

வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறைக்காரர் ரோட்டைப் பார்த்தார். மாமா மறுபடி உட்கார்ந்தார்.

"மோட்டாரு அதே கலருன்னானுங்கல்ல?"

"நெறைய மோட்டாரு அந்தக் கலர்லதான் மாமா ஓடுது."

"ஓடுனான்ல? தப்பு செய்யாதவன் எதுக்கு ஓடணும்?"

"இருவது பேரு தொரத்துனா நானும்தான் ஓடுவேன்."

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது.

"அவனாத்தான் இருக்கும் தம்பி."

எனக்காகத்தான் சொன்னார். நான் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று சொன்னார். ஆனால் 'அவன்தான்' என்று சொல்ல அவராலும் முடியவில்லை. 'இருக்கும்' என்றார். அந்தப் பையனின் விலாவில் நான் உதைத்தது இந்த 'இருக்கும்'-ஐ நம்பித்தான். கெர்சிக்குக்கூட எதிரே நிற்பவன் கையில் கத்தி தெரிந்தது. எனக்கு அதுவும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன், இன்றைக்கு மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று. அம்மா இன்னும் முழுசாக நீட்ட முடியாத கையால் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"நல்லதாப் போச்சு" என்றார். "இனிமே கல்யாண வீட்டுல அந்தக் கதையச் சொல்ல மாட்டாரு. எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் பையனோட அம்மா ஞாபகம் வரும்."